பிரேக் வயரில் ஒரு ஜாயிண்ட்

என் வீட்டுக்காரர் ஷாஹுல் ஹமீதைப் பொறுமைசாலி என்று மந்தைவெளியே சொல்லும். குடித்தனம் நடத்திப் பார்த்தால்தானே தெரியும். சோறு ஆறி அவலாய்ப் போனாலும் வண்டிக்குள்ளிருந்து வெளியே வரமாட்டார். கார் எலக்ட்ரீஷியன், ஆட்டோமேட்டிக் கியரில் வயரிங் கோளாறு என்றால் அபிராமபுரத்திலிருந்துகூட இவரைத் தேடி வருவார்கள். கடையில் போன் எடுப்பதும் சாமான் எடுத்துக் கொடுப்பதும் நான்.

போன மாதம் புஷ்பம் அம்மா வந்தார். தி.நகரில் ஜவுளிக்கடை, எங்களுக்குப் பழைய வாடிக்கை. கணவர் சண்முகவேல் இறந்து பதினாறாம் நாள் காரியம் அப்போதுதான் முடிந்திருந்தது. நெஞ்சு வலிக்கிறது என்று பட்டப்பகலில் காரில் ஏறியிருக்கிறார். கியர், வண்டியை நிறுத்தி வைக்கும் 'பி'யை விட்டு அசையவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் உயிர் போய்விட்டது. மறுநாள் அதே கியர் ஒழுங்காக நகர்ந்ததாம்.

"பிரேக்க மிதிச்சாத்தான கியர் வரும். இவன் பயத்துல மிதிக்கல," என்றார், பின்னால் நின்ற டிரைவர் ஆனந்தகுமாரைப் பார்க்காமலே. "வண்டில கோளாறு இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. இவன இன்னியோட அனுப்பிருதேன்."

என் வீட்டுக்காரர் அவனைத் தனியாகக் கேட்டபோது, "மிதிச்சேன்னுதான் நென்ச்சிக்கினு கீறேன் பாய். இப்ப எனக்கே தெர்ல," என்றான். பாவம், பல நாள் தூங்காத முகம்.

கம்ப்யூட்டரை மாட்டினார், அது ஒன்றும் காட்டவில்லை. அதை நம்பி விடுகிற ஆளா இவர்? பிரேக்கை மிதித்த சேதி ஒரு வயர் வழியாகப் போனால்தான் கியரின் பூட்டு திறக்கும். பெடலுக்குக் கட்டையால் முட்டுக் கொடுத்துவிட்டு, கரண்ட் வந்தால் எரியும் டெஸ்ட் லைட்டை வைத்து அந்த வயரை அங்குலம் அங்குலமாக ஆட்டினார். ஓரிடத்தில் விளக்கு அணைந்தது. அங்கே சுற்றியிருந்த டேப்பைப் பிரிக்கப் போனவர் அப்படியே படுத்துக் கிடந்தார்.

எட்டிப் பார்த்தேன். டேப்பின் முனையில் நூல் கட்டியிருந்தது. வெயிலில் டேப் விட்டுவிடும் என்று நூல் கட்டுவது இவர் வழக்கம். போன வருஷம் கூடுதலாக ஒரு பிரேக் லைட் மாட்ட அந்த வயரை வெட்டி ஒட்டியதே இவர்தான். டேப்பைப் பிரித்தால், உள்ளே ஈயம் வைத்துப் பற்றவைக்கவில்லை, வெறுமனே முறுக்கியிருந்தார்.

குனிந்து, "வயர் பழசு, வுட்டுப்போச்சுன்னு சொல்லிடுங்க. அவன் வேலயும் தப்பிக்கும், நம்ம கடயும் தப்பிக்கும்," என்றேன். சொன்னேன்தான், மறைப்பானேன்.

அவர் எழுந்து புஷ்பம் அம்மாவிடம் வந்தார். கையைக்கூடத் துடைக்கவில்லை.

"இது நான் போட்ட ஜாயிண்ட்மா. சரியா போடல. தம்பி எவ்ளோ அழுத்தி மிதிச்சிருந்தாலும் கியர் வந்திருக்காது. தப்பு என்னுது."

புஷ்பம் அம்மா அந்த வயரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முதல் தடவையாக டிரைவர் பக்கம் திரும்பினார்.

"அவுக கடைசியாப் பேசுனது அதாம்யா. மிதிலே, மிதிலேன்னு."

"மிதிச்சேம்மா," என்றான் அவன். சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதான். அந்த அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

இவர் பக்கம் இரண்டு பேரும் திரும்பவே இல்லை.