ஏரம்புவின் நாக்கு

தண்ணீர் இறைக்கும் மிசின் கோப்பாயில் பத்துப் பேரிடம் இருந்தது. வீடு கட்டுகிறவர்கள் மற்ற ஒன்பது பேரையும் விட்டுவிட்டு ஏரம்புவைத் தேடி வந்ததற்குக் காரணம் அவருடைய மிசின் அல்ல. அது பாதி நாள் இருமும், மீதி நாள் புகையும். அவர்கள் வந்தது அவருடைய நாக்குக்காக.

யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. மழை பெய்து நிலத்தில் இறங்கிய நல்ல தண்ணீர், அடியில் கிடக்கும் உப்புத் தண்ணீருக்கு மேல் மெல்லிசாக நிற்கிறது. அதைத்தான் கிணறு வெட்டிக் குடிக்கிறோம். வீட்டு அத்திவாரத்துக்குத் தோண்டும் கிடங்கில் ஊறும் தண்ணீரை அளவு தெரியாமல் இறைத்தால் அடியில் இருக்கிற உப்பு மேலே வரும், பக்கத்துக் கிணறுகளும் கெட்டுப்போகும். எப்போது நிறுத்த வேண்டும் என்பதை ஏரம்பு நாக்கால் அறிவார். குழாய் வாயில் உள்ளங்கையை ஏந்தி ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடி, துப்பிவிட்டு, "இன்னும் அரை நாள் தாங்கும்" என்பார். தாங்கும். இருபது வருடத்தில் ஒரு கிணறுகூட அவரால் கெட்டதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. கலியாண வீட்டில் தேத்தண்ணீர் கொடுத்தால்கூட, "இது உங்கடை கிணத்துத் தண்ணி இல்லை, பக்கத்து வளவிலை அள்ளினது" என்று சொல்லி, கொண்டுவந்தவளைத் திண்டாட வைப்பார்.

1986 ஆடியில் நெருப்புக்காய்ச்சல் வந்து மூன்று கிழமை பாயில் கிடந்தார். எழும்பி நடமாடத் தொடங்கிய அன்று மனைவி சிவக்கொழுந்து சோறும் கத்தரிக்காய்க் கறியும் வைத்தாள். ஒன்றும் பேசாமல் சாப்பிட்டுக் கை கழுவினார். மிச்சத்தைத் தன் வாயில் வைத்த சிவக்கொழுந்து அப்படியே நின்றுவிட்டாள். கறிக்கு உப்பே போட மறந்திருந்தாள். உப்பு ஒரு கல் குறைந்தாலும் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைக்கிற மனிதர் அவர்.

"இஞ்சாருங்கோ, உங்களுக்கு ருசி தெரியேல்லையோ?"

"காய்ச்சல் வாய். ரெண்டு நாளையிலை வந்திடும்."

"வருமட்டும் வேலைக்குப் போகாதையுங்கோ."

"நீ பேசாமல் இரு. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

இரண்டு நாள் இரண்டு கிழமையானது. அடுப்படியில் ஆள் இல்லாத நேரம் பார்த்து உப்புச் சிரட்டைக்குள் விரலை விட்டு நக்கிப் பார்ப்பார். மணலை நக்கியது போலிருக்கும். ஏரம்புவுக்குப் பயம் பிடித்தது.

அந்த நேரம் பார்த்து அரியாலையிலிருந்து தில்லைநாதன் ஆள் அனுப்பினார். ஓய்வுபெற்ற தபாலதிபர். ஜேர்மனியில் இருந்த மகனுக்காக வீடு கட்டிக்கொண்டிருந்தார். குண்டு போடும் விமானங்கள் வரத் தொடங்கியிருந்த வருடம் அது. ஆகவே வீட்டுக்குக் கீழே கொங்கிறீட்டில் ஒரு நிலவறையும் வேண்டும் என்றார். வளவு கடல்நீரேரிக்குக் கிட்ட இருந்தது. ஆறடியில் தண்ணீர், தோண்ட வேண்டியதோ பத்தடி. ஏரம்பு போகாவிட்டால் ஏன் என்று நாலு பேர் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே போனார்.

வேலிக்கு அந்தப் பக்கம் பராசக்தியின் கிணறு. அந்த ஒழுங்கையில் நல்ல தண்ணீர் ஊறியது அது ஒன்றில்தான். பதினெட்டு வீடு அதில் குடிதண்ணீர் அள்ளியது. முதல் நாளே பராசக்தி படலையைத் திறந்துகொண்டு வந்தாள்.

"நான் வேலையை மறிக்கத்தான் வந்தனான். ஏரம்புதான் இறைக்கிறது எண்டு சொன்னாப்போலை பேசாமல் போறன். ஆனா எனக்கொரு சொல்லுத் தாரும்."

"உப்புத் தட்டின நிமிசமே மிசினை நிப்பாட்டுவன் அக்கா. என்ரை நாக்கு இருக்கு."

சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் மிசின் பக்கம் திரும்பினார்.

மற்றதெல்லாம் தன் முறைப்படி ஒழுங்காகவே செய்தார். இறைத்த தண்ணீரைத் தெருவில் விடுவது அவருக்குப் பிடிக்காது. ஒரு கிடங்கில் விட்டு, துணியில் கட்டிய படிகாரத்தை அதில் கலக்கிச் சேற்றை அடைய விடுவார். தெளிந்தது இரண்டாவது கிடங்குக்கு வழியும். அங்கிருந்து, பராசக்தியின் வேலியோரமாக வெட்டிய வாய்க்காலுக்குப் போகும். வாய்க்கால் தண்ணீர் மணலில் இறங்கி மறுபடி அவளுடைய கிணற்றுக்கே ஊறும், கிணறு வற்றாது. "எடுத்த மண்ணுக்கே திருப்பிக் குடுக்கிறன்" என்று மேசன் தம்பிஐயாவுக்குப் பெருமையாக விளக்கினார். நல்ல முறைதான், இறைக்கிற தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்கும் வரைக்கும்.

ஆறாம் நாள் கிடங்கின் அடியில் கொங்கிறீட் போட்டார்கள். இனி ஒரு கிழமைக்கு மிசின் நிற்கக்கூடாது. நின்றால் தண்ணீர் கீழிருந்து தள்ளி, இறுகாத கொங்கிறீட்டை வெடிக்க வைத்துவிடும். காலையும் மாலையும் ஏரம்பு குழாயடிக்குப் போய், கையேந்தி, கண்ணை மூடி, துப்பினார். மேசன்மார் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். "நல்ல தண்ணி" என்றார். வாயில் குளிர் மட்டும்தான் தெரிந்தது.

எட்டாம் நாள் பராசக்தி ஒரு செம்பில் கிணற்றுத் தண்ணீரோடு வந்தாள்.

"ஏரம்பு, இதை ஒருக்காக் குடிச்சுப் பாரும். எனக்கு என்னவோ கரிக்கிற மாதிரிக் கிடக்கு."

ஏரம்பு குடித்தார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். தனக்கு ருசி தெரியாது, வேறு ஆரிடமாவது கொடுத்துப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை. ஆனால் தம்பிஐயா பார்த்துக்கொண்டு நின்றான். தில்லைநாதன் குடையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்லாத்தான் கிடக்கு அக்கா."

"அப்ப என்ரை வாய்தான் பழுதாப் போச்சாக்கும்" என்று பராசக்தி திரும்பிப் போனாள்.

இதைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை. இரண்டு நாளாக அந்த ஒழுங்கை முழுவதும் தன் வாயைச் சந்தேகித்தது. சோறு கரித்தால் சமைத்தவளுக்கு ஏச்சு விழுந்தது. தேத்தண்ணீர் கரித்தால் சீனி பழுதென்று சங்கக்கடை மனேச்சரைத் திட்டினார்கள். ஏரம்பு நல்லதென்று சொன்ன தண்ணீரைக் குறை சொல்ல ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

பத்தாம் நாள் பராசக்தியின் பசு தொட்டியில் வாயை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மாட்டுக்கு ஏரம்புவின் பெயர் தெரியாது.

பராசக்தி வேலிக் கிடுகைப் பிரித்துக்கொண்டு நேரே வாய்க்காலுக்கு வந்தாள். ஒரு கை அள்ளி வாயில் வைத்தாள், துப்பினாள். தம்பிஐயாவையும் கூப்பிட்டுக் குடிக்கச் சொன்னாள். அவன் முகம் போன போக்கே போதுமாயிருந்தது.

"உப்பு! என்ரை வேலியோரம் வாய்க்கால் வெட்டி, என்ரை கிணத்துக்கை கடலை விட்டிருக்கிறீர்!"

ஏரம்பு நின்ற இடத்திலேயே குந்திவிட்டார்.

"காய்ச்சலோடை நாக்குச் செத்துப்போச்சு அக்கா. சொல்ல வெக்கமாக் கிடந்தது."

பிறகு எழும்பி மிசினை நிறுத்தப் போனார். தில்லைநாதன் குறுக்கே வந்து நின்றார்.

"நிப்பாட்டினா கொங்கிறீட்டும் போச்சு. கிணறு இனி நிப்பாட்டினாலும் பழையபடி வராது. எதைக் காப்பாத்தப் போறீர்?"

அவர் சொன்னது சரி என்பதுதான் ஏரம்புவால் தாங்க முடியாமல் இருந்தது. குழாயைத் தெருவோரக் கழிவுக் கானுக்குத் திருப்பிவிட்டு, இன்னும் மூன்று நாள் இறைத்தார். நிலவறை ஒரு கீறலும் இல்லாமல் இறுகியது. அடுத்த வருடங்களில் குண்டு விழுந்த நாட்களில் அந்தப் பதினெட்டு வீட்டாரும் அதற்குள்தான் போய் இருந்தார்கள். குடிக்கத் தண்ணீர் மட்டும் அரை மைல் தள்ளியிருந்து கொண்டுவந்தார்கள்.

ஏரம்பு மிசினை விற்றார். மூன்று கார்த்திகைக்குத் தொடர்ந்து சைக்கிளில் அரியாலைக்குப் போய், பராசக்தியின் கிணற்றை வாளியால் அள்ளி அள்ளி வெளியே ஊற்றினார், புது மழைத் தண்ணீர் வந்து சேரட்டும் என்று. பராசக்தி வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மாரியில் கிணறு கொஞ்சம் தெளியும். மாசி வர மறுபடி கரிக்கும்.

நாலாம் வருடம் ஒரு மத்தியானம் சோற்றுக்கு விட்ட சொதி கரித்தது. கையில் பிசைந்த சோற்றோடு ஏரம்பு அழுதார். நாக்குத் திரும்பிவிட்டதைச் சிவக்கொழுந்துக்கு மட்டும் சொன்னார்.

1995 ஐப்பசியில் இராணுவம் நெருங்கி வர, ஊரை விட்டு வெளியேறச் சொல்லி இயக்கத்தார் ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு போனார்கள். வலிகாமப் பகுதிச் சனம் முழுவதும் ஒரே நேரத்தில் கண்டி வீதிக்கு வந்துவிட்டது. ஏரம்புவும் சிவக்கொழுந்தும் சைக்கிளில் இரண்டு பையைக் கட்டி உருட்டிக்கொண்டு, விடிய அரியாலைக்கு வந்து சேர்ந்தார்கள். மழை விட்டிருந்தது. சனம் நகர முடியாமல் நின்றது. தொண்டை காய்ந்தவர்கள் கிணறு தேடி ஒழுங்கைகளுக்குள் இறங்கினார்கள். ஏரம்பு எந்த ஒழுங்கை என்று தெரிந்தே இறங்கினார்.

பராசக்தி இன்னும் புறப்படவில்லை. கிணற்றடியில் வாளியோடு நின்று, "முகம் கழுவுங்கோ, குடிக்காதையுங்கோ" என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் தகரப் பேணியை நீட்டினாள்.

"அம்மா, பிள்ளைக்கு ரெண்டு மிடறு மட்டும் குடுக்கலாமோ? ராத்திரி துவக்கம் அழுகுது."

பராசக்தி பதில் சொல்லப் போனவள், கூட்டத்துக்குள் ஏரம்புவைக் கண்டாள். பேணியில் தண்ணீரை வார்த்து அவரிடம் நீட்டினாள்.

"உவரைக் கேள் பிள்ளை. உவருக்குத் தெரியும்."

ஏரம்பு வாங்கி ஒரு வாய் எடுத்தார். கண்ணை மூடினார். நாக்கின் நுனியிலிருந்து அடித்தொண்டை வரை கரித்தது. கார்த்திகை மூன்றும் அள்ளி ஊற்றியது ஒன்றுக்கும் உதவவில்லை.

"உப்பு" என்றார். "குடுக்காதை பிள்ளை. உப்பு."

"ஒன்பது வருசம் பிந்திச் சொல்லுறீர், ஏரம்பு" என்றாள் பராசக்தி.

அந்தப் பெண் பேணியைத் திருப்பி வாங்கி, மிச்சத்தை நிலத்தில் ஊற்றிவிட்டு, அழுகிற பிள்ளையோடு வீதிக்குப் போனாள்.