சாக்கு நூலில் கோத்த பாம்பு

என் மேசை இழுப்பறையில் மூன்று எலும்புகள் பல வருடங்களாகக் கிடந்தன. கல்லாகிப்போன பாம்பு முள்ளந்தண்டு எலும்புகள். உடைந்தவை என்று எழுதி அவற்றை என் கட்டுரையிலிருந்து விலக்கியிருந்தேன். அவை உடையவில்லை.

அப்போது நான் பதுளையில் விலங்கியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். கொஸ்லந்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர், மரக்கறிப் பாத்திக்கு வௌவால் எரு அள்ள ஒரு குகைக்குப் போயிருந்தார். எருவுக்குக் கீழே இறுகிய மண்ணில் வரிசையாகக் கிடந்த இருபத்தாறு எலும்புகளைப் பெயர்த்தெடுத்து, கிடந்த ஒழுங்கு மாறாமல் சாக்கு நூலில் கோத்து என்னிடம் கொண்டுவந்தார்.

"பாம்புக்கு மாலை கட்டிட்டீங்களே" என்றேன்.

"செத்ததுக்குப் போடுறதுதானேங்க சார்."

அவர் போனதும், கழுவுவதற்காக நூலை அறுத்தேன். எண் இடவில்லை, படம் எடுக்கவில்லை. ஒரு மாணவன் இதைச் செய்திருந்தால் வகுப்பை விட்டு வெளியே அனுப்பியிருப்பேன்.

இன்று இலங்கைத் தீவில் வாழும் எந்தப் பாம்போடும் அவை ஒத்துப்போகவில்லை. அழிந்துபோன ஓர் இனம் கைக்கு வந்திருந்தது. எனக்கு அது போதவில்லை. சில எலும்புகளின் அடியில் முள் போன்ற நீட்சி இருந்தது, மற்றவற்றில் தாழ்ந்த மேடு போன்ற கோடு மட்டும். இரண்டு தட்டுகளில் பிரித்து, இரண்டு இனங்கள் என்று பெயரிட்டேன். ஒரே பாம்பிலும் கழுத்துப் பக்கத்தில் அந்த முள் இருந்து, நடு உடலை நெருங்க நெருங்கக் குறுகி மறையலாம் என்பது எனக்குத் தெரியும். அந்த மூன்று எலும்புகளில் முள் பாதியாகக் குறுகியிருந்தது. எந்தத் தட்டிலும் அவை சேரவில்லை. அதனால்தான் இழுப்பறைக்குள் போயின.

கட்டுரை வெளியான செய்தி தோட்டம் வரை போயிருந்தது. அந்தப் பெண் என்னைத் தேடி வந்தார்.

"முள்ளு உள்ளது ஒண்ணு, இல்லாதது ஒண்ணுன்னு ரெண்டு பாம்பா எழுதியிருக்கீங்களாமே சார்? நான் ஒண்ணுதானே கொண்டாந்தேன். அப்ப ஒண்ணுக்குக் கழுத்து மட்டும், மத்ததுக்கு ஒடம்பு மட்டுமா?"

"இதெல்லாம் படிச்சவங்க வேலைம்மா" என்றேன்.

"சரிங்க" என்று எழுந்து போனார். ஊற்றி வைத்த தேநீர் அப்படியே இருந்தது.

போன மாதம் ஓர் ஆய்வாளர் கடிதம் எழுதியிருந்தார். இரண்டும் ஒரே இனமாக இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறார். எலும்புகள் சேர்ந்து கிடந்ததற்குச் சான்று உண்டா என்று கேட்டிருந்தார். சான்றை நானே அறுத்துவிட்டேன். மிச்சமிருந்தது அந்த அம்மாவின் நினைவு மட்டும்.

இருபத்தாறு எலும்புகளையும் எடுத்துக்கொண்டு கொஸ்லந்தைக்குப் பஸ் ஏறினேன். அவர் குடியிருந்த லயத்து வரிசை வீட்டு வாசலில் துணியை விரித்து அவற்றைப் பரப்பி, நான் செய்ததை எல்லாம் சொன்னேன். அவர் இரண்டு மூன்றை எடுத்து அடுக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"இப்ப எப்படிங்க சார் ஞாபகம் வரும்? நான் கோத்துத்தானே குடுத்தேன்."

எலும்புகளைத் திரும்பத் துணியில் முடிந்தேன். பதில் கடிதத்தில் அவர் பெயரை எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதுங்க. ஒரே பாம்புன்னும் எழுதுங்க."

அப்படியே எழுதினேன். நூலை அறுத்தது யார் என்பதையும் எழுதி, பாதி முள் உள்ள அந்த மூன்று எலும்புகளைப் பஞ்சில் பொதிந்து கடிதத்தோடு அனுப்பினேன்.