மொய்னாவின் வயிற்றில் நீலம்

வெயிலில் வெளுத்த நீலத் தார்ப்பாயைக் கண்டால் போதும், விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்வேன். லாரி மேல் கட்டியதோ, டீக்கடைக் கூரையோ, எனக்குக் கணக்கில்லை. விரலில் நீலத்தூள் ஒட்டினால் மதினி ஞாபகம் வந்துவிடும். என் அண்ணன் மனைவி. சுத்தத்தை ஒரு வியாதியாகவே வளர்த்து வைத்திருந்தவர். விளக்குமாற்றுக்கே சோப்புப் போட்டுக் குளிப்பாட்டும் ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அண்ணன் அப்போது ராணுவத்தில், வடக்கே எங்கோ. மம்சாபுரத்து வீட்டில் அம்மா, மதினி, தங்கச்சி நான் என்று மூன்று பொம்பளைகள் மட்டும். நான் ராஜபாளையத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் லேப் டெக்னீஷியன். மதினி கொல்லையில் ஃபைட்டர் மீன் வளர்த்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் அலங்கார மீன் கடைக்காரர்கள் வீடு தேடி வந்து வாங்கிப் போவார்கள். மீன் குஞ்சுகளுக்கு உயிருள்ள தீனி வேண்டும் என்பதால், பக்கத்துத் தொட்டிகளில் பாசி படிந்த பச்சைத் தண்ணீரில் மொய்னாவும் வளர்த்தார். தண்ணீர்ப்பூச்சி என்று சொல்வோமே தவிர, அது இறாலுக்குத்தான் தூரத்துச் சொந்தம். கடுகைவிடச் சிறியது, ஓயாமல் துள்ளிக்கொண்டே இருக்கும். சொந்தக் கையால் அவர் உண்டாக்கிய முதல் தொழில் அது. அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் மதினியின் குரல் கொஞ்சம் உயரும்.

அந்தக் கோடையில் மொய்னா பெருகுவது நின்றுபோயிற்று. தீனி இல்லாமல் மீன் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. அண்ணன் போனில், “இந்தத் தடவையும் பொழைக்கலைன்னா தொட்டிய வித்துட்டு குவார்ட்டர்ஸுக்குக் கெளம்பி வந்துரு” என்றான். மதினி “சரிங்க” என்றார். போனை வைத்ததும் பெருக்கிய முற்றத்தையே மறுபடி பெருக்கினார். அவர் அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

மறுநாள் ஒரு சின்னக் குப்பியில் மொய்னாவை எடுத்துப்போய், சாப்பாட்டு நேரத்தில் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். கண்ணாடி உடம்பு அதற்கு. உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரியும். பாசி தின்ற குடல் பச்சைக் கோடாக இருக்க வேண்டும். நான் பார்த்ததிலோ நீல நீலமாகத் துணுக்குகள் அடைத்துக் கிடந்தன. முட்டை சுமக்கும் முதுகுப் பை காலியாக இருந்தது.

வீட்டில் சொன்னதும் மதினி முந்தானையைச் செருகிக்கொண்டார். “பக்கத்து வீட்டு அக்கா வேட்டிக்கு நீலம் போட்டு அலசுதால்லா, அந்தத் தண்ணிதான் ஏட்டி இங்க ஊறி வருது. இன்னைக்கு ரெண்டுல ஒன்னு கேட்டுட்டு வாரேன்.”

“செத்த நேரம் பொறுங்க மதினி. அந்த நீலம்னா கரைஞ்சிரும். இது துண்டு துண்டால்லா கெடக்கு” என்று தடுத்தபடி, தொட்டிகளுக்கு மேலே பந்தலாகக் கட்டியிருந்த தார்ப்பாயைப் பிடித்தேன். என் ஐந்து விரலும் நீலமாயின.

வெயிலில் வெந்து உளுத்துப்போன பாய். தொட்டிக்குள் ஒரு சருகு விழக்கூடாது என்று மதினி தினமும் காலையில் அதை விளக்குமாற்றால் அடித்து அடித்துச் சுத்தம் செய்திருக்கிறார். அடிக்க அடிக்க அது தூளாகித் தண்ணீரில் விழுந்திருக்கிறது. மொய்னாவுக்குப் பாசி எது, பிளாஸ்டிக் எது என்று தெரியாது. வாய்க்கு அடங்கினதெல்லாம் தீனி. வயிறு நிறைந்துவிடும், உடம்பில் ஒட்டாது. பட்டினி கிடக்கும் உடம்பு முட்டைக்கு எதைக் கொடுக்கும்?

“ஏட்டி, அப்ப நாந்தான் ஊட்டுனேனா?” என்று மதினி கையிலிருந்த விளக்குமாற்றைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

சத்திரப்பட்டியில் பேண்டேஜுக்கு நெய்யும் பருத்தித் துணியை வாங்கி, இரட்டையாக மடித்துப் பந்தல் போட்டோம். “ஆஸ்பத்திரி மாதிரில்லா இருக்கு” என்றாள் அம்மா. தொட்டிகளைத் தேய்த்துக் கழுவி, மிச்சமிருந்த மொய்னாவை வடிகட்டிப் புதுத் தண்ணீரில் விட்டோம். நல்ல பாசி உள்ளே போகப் போக, குடலில் அடைத்திருந்த நீலம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறியது.

எங்கள் தொட்டிக்கு மேல் இருந்தது ஒரே பாய்; அவிழ்த்துப் போட்டோம், தீர்ந்தது. கண்மாயில் கிடக்கும் சாக்கும் பையும் கிழிசல் பாயும் இன்றும் வெயிலில் இப்படித்தான் உதிர்ந்துகொண்டிருக்கின்றன. அங்கேயும் மொய்னா உண்டு, அதைத் தின்கிற கெண்டைக் குஞ்சும் உண்டு. பஸ்ஸில் அந்தக் கரையைத் தாண்டும்போது மனசு கொஞ்சம் சுருங்கும்.

ஒரு மத்தியானம் மதினியே லேபுக்கு வந்து நின்றார். என்னை நம்பாமல், தூக்குவாளியில் மொய்னாவை மினி பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். ஒரு சொட்டு எடுத்து வைத்தேன். மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர் நிமிரவே இல்லை.

“ஏட்டி, முதுகுக்குள்ள குட்டி அசையுது. அதுக்குக் கண்ணுகூடத் தெரியுது.”

என் மணிக்கட்டை அவர் பிடித்த பிடியில் வளையல் அழுந்தி வலித்தது. நானும் பார்த்தேன். பச்சைக் கோடாகக் குடல். முதுகு நிறையக் குஞ்சுகள். மதினி அங்கேயே என் போனை வாங்கி அண்ணனைக் கூப்பிட்டார். பெட்டி கட்டியாச்சா என்று அவன் கேட்டது எனக்கும் கேட்டது.

“நான் எங்கிட்டுங்க வர? இங்க அம்புட்டும் புள்ளத்தாச்சியா கெடக்கு. நீங்க லீவு போட்டுட்டு வாங்க” என்றார் மதினி.