போர் வண்டி வரைந்த படம்

எருமப்பட்டி அருகே பழனிசாமி என்ற விவசாயியின் காட்டில் ஆழ்துளைக் கிணறு போடுவதைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதப் போயிருந்தேன். துளை போடும் போர் வண்டியோடு வேலைக்கு வந்திருந்த சல்மா ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள். வெளிவரும் கல்தூளின் நிறத்தைப் பதிந்தால், அது பூமியின் அடுக்குகளை அசையும் படமாக வரையும்.

“இதனால என்ன பயன்?” என்றேன்.

“வண்டிக் கணக்குக்கு வேற புரோகிராம் எழுதிக் குடுத்துட்டேன் சார். இது என் ஆசைக்கு,” என்று சிரித்தாள்.

துளையிடும் கடைசி ராடும் இறங்கியது. தண்ணீர் இல்லை, புழுதிதான் வந்தது. பழனிசாமி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நாங்கள் யாரும் அருகில் போகவில்லை. சல்மா போய்த் தன் செல்போனை நீட்டினாள். கருப்பு, சாம்பல், ரோஜா நிறங்கள் திரையில் மெல்ல இறங்கின.

பழனிசாமி வெகுநேரம் பார்த்தார். “ஏஞ்சாமி, நம்ம காட்டுக்கடியில இத்தன அழகா?” என்றவர், மனைவியைக் கூப்பிட்டார். “இங்க வந்து பாரு புள்ள.”

பயன் என்ன என்று நான் கேட்டது, அதன்பின் எனக்கே சின்னக் கேள்வியாகப் பட்டது.