பட்டினி போட்ட மிளகாய் நாற்று

நாற்றுப் பண்ணையில் நாற்று பிழைத்தால் அது விவசாயியின் கைராசி, செத்தால் பண்ணைக்காரியின் கோளாறு. விராலிமலைப் பக்கம் பன்னிரண்டு வருஷமாகக் குழித்தட்டுகளில் மிளகாயும் கத்தரியும் வளர்த்துக் கொடுக்கிறேன். என்னைப் போல நிழல்வலைக்கு அடியில் நின்று பழிச்சொல் கேட்டே காது புளித்தவர்களே, இந்த அலுப்பை உங்களிடம்தானே இறக்கி வைக்க முடியும்?

டானிக்

ஹார்மோன் என்றால் இங்கே யாரும் காதில் வாங்குவதில்லை. எல்லாம் டானிக்தான். ஆவூர்ப் பக்கமிருந்து ஆரோக்கியமும் அவர் கணவர் சேவியரும் மிளகாய் நாற்றுக்கு வந்தார்கள். கிணற்றில் தண்ணீர் கொஞ்சம். இந்த அரை ஏக்கர் பொய்த்தால் சேவியர் மறுபடி குவைத்துக்குப் போக வேண்டும் என்று ஆரோக்கியம் மெல்லச் சொன்னார்.

அவர்களுக்கென்று வைத்திருந்த நாற்று வெயிலில் குன்றிப்போயிருந்தது. தட்டுகளோடு, தண்டை நீட்டிவிடும் ஹார்மோனான ஜிப்ரலிக் அமிலம் ஒரு குப்பியும் கொடுத்தேன். தெளிக்கிற டேங்குக்கு ஒரு மூடி, அதற்குமேல் கூடாது என்று மூன்று தடவை சொன்னேன். சேவியர் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மனுசருக்குக் குடுத்தா கேக்குமாங்க?"

லாபம்

பத்து நாளில் தட்டுகளோடு திரும்பி வந்தார்கள். நாற்று நூல் மாதிரி நீண்டு, வெளிறி, சாய்ந்து கிடந்தது. ஒரு மூடிதான் ஊற்றினோம் என்று இருவரும் சாதித்தார்கள். காலி மூடியைக் கொடுத்து, அளந்து காட்டச் சொன்னேன்.

ஆரோக்கியம் முதல் மூடியை "லாபம்" என்று சொல்லிக் கவிழ்த்தார். நம் பக்கம் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டோம், லாபம் என்போம். அடுத்தது இரண்டு. களத்தில் நின்று பழகாத சேவியர், ஒண்ணு இன்னும் வரவில்லையே என்று தன் பங்குக்கு ஒரு மூடி ஊற்றியிருக்கிறார். ஒவ்வொரு டேங்குக்கும். எனக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. "லாபத்தையும் செடி குடிச்சுப்புடும்னு எனக்கு எப்புடிங்க தெரியும்?" என்றார் சேவியர்.

பட்டினி

அவர்களுக்கு வேறு நாற்று வளர்த்தேன். இந்த முறை குப்பியே கிடையாது. நடவுக்கு முந்தின வாரம் தண்ணீரைக் குறைத்தேன். தாகம் தெரிந்த செடி தானாகவே ஒரு ஹார்மோனைச் சுரந்து, இலையில் இருக்கிற பொடிப்பொடி வாய்களை மூடிக்கொள்ளும். உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போகாது. இப்படிப் பழகிய நாற்று வயலில் தாங்கும்.

நான் சொல்லி முடிப்பதற்குள் ஆரோக்கியத்துக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் வேறொருவருக்காகப் பசேலென்று நின்ற தட்டைக் காட்டினார். "அதுக்குச் சோறு, எங்களுதுக்குப் பட்டினியாக்கா?"

போன்

நட்டபின் மூன்று வாரம் மழை இல்லை. போன் அடித்தாலே செடி செத்த செய்தியோ என்று தயங்கித்தான் எடுத்தேன். ஒருநாள் சேவியர் நம்பரைப் பார்த்துவிட்டு எடுக்காமலே இருந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மறுநாள் மத்தியானம் ஆரோக்கியமே தூக்குச்சட்டியோடு வந்து நின்றார். நாலைந்து செடிதான் போச்சு, மற்றதெல்லாம் புதுக்கொழுந்து விட்டிருக்கிறது என்றார். சேவியர் பாஸ்போர்ட்டைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிட்டாராம். காலையிலிருந்து டீ மட்டும் குடித்திருந்த என் முகத்தைப் பார்த்துச் சட்டியைத் திறந்தார். "நாத்தப் பட்டினி போட்டது போதும், நீங்க மொதல்ல சாப்புடுங்கக்கா."

பன்னிரண்டு வருஷமாக நாற்று மாதிரியே வாயை மூடிக்கொண்டு வெயிலைத் தாங்கிய நான், அன்றைக்கு அந்தச் சோற்றுக்காக மட்டும் திறந்தேன்.