அடுப்படியில் நாலு அங்குலம்

பணிமனையில் மாமாவை ‘ஏணி’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறடிக்கு ஒரு விரல் குறைச்சல். இருபத்தாறு வருஷமாகப் பஸ் ஓட்டுகிறார். என் அக்கா நாலடி எட்டு அங்குலம். பக்கத்தில் நின்றால் அவர் தோளுக்குக் கொஞ்சம் கீழேதான் வருவாள்.

அவர்களுக்குக் கல்யாணமானபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பாவும் அம்மாவும் இல்லை. அக்கா புகுந்த வீட்டுக்குப் போகும்போது என்னையும் கையோடு கூட்டிக்கொண்டு போனாள். இன்னொரு வயிறும் வருகிறதே என்று மாமா முகம் கோணவில்லை. “சின்னவ எந்த ரூம்ல படுப்பா?” என்று மட்டும் கேட்டார். எனக்குக் கல்யாணமாகி அடுத்த தெருவுக்குக் குடிபோகும் வரை பதினொரு வருஷம் அந்த வீட்டுச் சோறுதான் சாப்பிட்டேன்.

அப்படிப்பட்ட மனிதரிடம் ஒரே ஒரு குறை. கைவேலை என்றால் காத தூரம் ஓடுவார். காலண்டர் மாட்ட ஒரு ஆணி அடிக்கச் சொன்னால் சுவரில் நாலு பொத்தல் விழும், ஆணியைக் காணோம் என்று தேடுவோம். கடைசியில் அக்காதான் ஸ்டூல் போட்டு ஏறி அடிப்பாள்.

போன வருஷம் அக்காவுக்கு வலது தோள்பட்டையில் வலி வந்தது. முதலில் தைலம், பிறகு மாத்திரை. தலை வாரக் கை எழும்பாத நிலை வந்ததும் நான் பிடிவாதமாக டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். மாமாவும் லீவு போட்டுவிட்டு வந்தார்.

டாக்டரம்மா படத்தையெல்லாம் பார்த்துவிட்டு, “வீட்ல எப்படி வேலை செய்வீங்க? குழம்பு கிண்டற மாதிரி செஞ்சு காட்டுங்க” என்றார்.

அக்கா எழுந்து நின்று, இல்லாத கரண்டியைப் பிடித்து இல்லாத பாத்திரத்தில் கிண்டினாள். அவள் முழங்கை தோள் உயரத்துக்குப் போனது. குதிகால் தானாகவே தரையை விட்டு எழும்பியது.

“எத்தனை வருஷமா இப்படி?”

“அந்த வீட்டுக்கு வந்ததுல இருந்து. இருபத்திரண்டு வருஷம் இருக்கும்.”

“உங்க அடுப்பு உங்களுக்கு உயரம்மா. நீங்க நினைக்கற மாதிரி பக்கெட்ல தண்ணி தூக்கினதால வரலை இந்த வலி. தினமும் கையைத் தூக்கித் தூக்கியே வந்திருக்கு.”

வீட்டுக்கு வந்ததும் மாமா செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் போனார். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தார். முழங்காலை மடக்கி, உடம்பை இறக்கி, அக்காவின் உயரத்துக்கு வந்து நின்றுகொண்டு, கரண்டியால் அந்தத் தண்ணீரைக் கிண்டினார். ஐந்து நிமிஷம் இருக்கும். கரண்டியை வைத்துவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“இருபத்திரண்டு வருஷம்” என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். “மூணு வேளைச் சோறு. நான் ஒரு நாள் பார்க்கலையே, சின்னவளே.”

நானும்தான் பார்க்கவில்லை. அந்த அடுப்பில் வெந்ததைத்தானே பதினொரு வருஷம் தட்டில் போட்டுச் சாப்பிட்டேன்?

மறுநாள் டூட்டி முடிந்ததும் மாமா நேராக ஹார்டுவேர் கடைக்குப் போனார். பெரிய உளியும் சம்மட்டியும் வேண்டும் என்றார். அந்தக் கடையை நடத்துவது ஒரு அம்மா. வாய் திறந்தால் முதல் கேள்வி “அளவு?” என்பதுதான். அதனால் அவருக்கு ‘அளவம்மா’ என்றே பேர் விழுந்துவிட்டது.

“உளி எதுக்குண்ணே?”

“சமையல் மேடையை உடைச்சு நாலு அங்குலம் இறக்கப் போறேன்.”

“கொத்தனாரா நீங்க?”

“பஸ் டிரைவர்.”

அளவம்மா உளியை எடுத்த கையோடு திரும்ப உள்ளே வைத்துவிட்டார். “கல்லு ரெண்டாப் போகும். சிங்க் பைப்பு கழண்டுக்கும். சுவத்து டைல்ஸ் மொத்தமும் உதிரும். மூணு மாசம் வீட்ல அடுப்பு எரியாது. பரவாயில்லையா?”

மாமாவுக்கு வேர்த்துவிட்டது. வீட்டுக்காரியின் தோள்வலியைச் சொன்னார். டாக்டர் சொன்னதைச் சொன்னார். தண்ணீரைக் கிண்டியதைக்கூடச் சொல்லிவிட்டார்.

அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, “மேடையை இறக்கறது கஷ்டம்ணே. உங்க வீட்டம்மாவை ஏத்திடலாமே?” என்றார்.

மாமாவுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. மேடையை ஒட்டித் தரையில் நீளமாக ஒரு பலகை மேடை. அதன்மேல் நின்று சமைத்தால் அடுப்பு தானாக இறங்கிவிடும். உடைக்க வேண்டாம், இடிக்க வேண்டாம். ஆணி அடிக்கத் தெரியாதவர் என்பதால் ஸ்க்ரூ போதும் என்றும் அந்த அம்மா சொல்லிவிட்டார்.

“சரி, எவ்வளவு நீளம் வேணும்?”

மாமா இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். “இவ்வளவு இருக்கும். எனக்குக் கண்ணளவு தப்பாது. எத்தனை சந்துல பஸ்ஸைத் திருப்பியிருக்கேன்!”

“பஸ்ஸுக்குக் கண்ணளவு சரி. பலகைக்கு இது.” ஒரு டேப்பை எடுத்து அவர் கையில் கொடுத்தார். “அளந்துட்டு வாங்க. அப்புறம் பேசலாம்.”

அன்று சாயங்காலம் அந்த வீட்டில் நடந்த கூத்தை நான் நேரில் பார்த்தேன். மாமா தரையில் மண்டி போட்டு அளக்கிறார், நான் எழுதிக்கொள்கிறேன். அக்கா வாசற்படியில் சாய்ந்துகொண்டு, “என்னங்க, எனக்குக் கூண்டு கட்டப் போறீங்களா?” என்கிறாள். “நீ கொஞ்சம் சும்மா இரு” என்று சொல்லிவிட்டு அவளையே கூப்பிட்டு நிறுத்தித் தரையிலிருந்து முழங்கை வரை அளந்தார். மூன்று தரம் அளந்தார், மூன்று அளவு வந்தது.

“மூச்சை இழுத்துப் பிடிச்சு நிக்காதே. சமைக்கும்போது நிக்கற மாதிரி நில்லு.”

“நீங்க மண்டி போட்டு அளந்தா எனக்குச் சிரிப்பு வருது, நான் என்ன பண்ண?”

மூன்றங்குல ரீப்பர் கட்டையில் சட்டம், மேலே முக்கால் அங்குலம் கனத்தில் தண்ணீர் தாங்கும் பிளைவுட், அடியில் கால் அங்குல ரப்பர் புஷ். மொத்தம் நாலு அங்குலம். பலகையை அளவம்மாவே மெஷினில் அறுத்துக் கொடுத்தார். டிரில்லை மாமா பணிமனை மெக்கானிக்கிடம் இரவல் வாங்கிவந்தார். அந்த வாரம் சாப்பாடு என் வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் போனது.

முதல் பலகையை அடியிலிருந்து முடுக்கி முடித்து, மாமா பெருமையோடு அதைத் தடவிப் பார்த்து, “ஐயோ!” என்று கையை உதறினார். ஸ்க்ரூ நீளம் ஜாஸ்தி. முனைகளெல்லாம் பலகைக்கு மேலே முள் மாதிரி எட்டிப் பார்த்தன. எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு மறுபடி கடைக்கு ஓடினார். அந்த அம்மா ஒரு வார்த்தை கிண்டல் செய்யவில்லையாம். குட்டை ஸ்க்ரூவை எடுத்துக் கொடுத்து, “எல்லாருக்கும் முதல் தரம் இதான் நடக்கும்ணே” என்றாராம். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மாமா வீட்டுக்கு வந்து மீதியை முடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பலகை மேடையைக் கொண்டுபோய் இடத்தில் வைத்தோம். ஆடியது. நம் சமையலறைத் தரை தண்ணீர் ஓடச் சரிவாக இருக்கும் அல்லவா? சரிவுப் பக்கத்தில் கொஞ்சம் தடிமனான ரப்பர் புஷ்ஷாக மாட்டியதும் ஆட்டம் நின்றது. அக்கா அதன்மேல் ஏறி நின்றாள். கரண்டியை எடுத்தாள். முழங்கை இடுப்போடு ஒட்டியே இருந்தது. மாமா மூச்சே விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லா இருக்குங்க” என்றாள் அக்கா. “ரொம்ப நல்லா இருக்கு. இருங்க, பருப்பு எடுத்துட்டு வந்திடறேன்.”

கீழே இறங்கி அலமாரிக் கதவை இழுத்தாள். கதவு வரவில்லை. மறுபடி இழுத்தாள். அப்போதுதான் எங்கள் மூவருக்கும் உறைத்தது. மேடைக்கு அடியிலிருக்கும் அலமாரியின் நாலு கதவும் பலகையில் இடித்துக்கொண்டு நின்றன. பருப்பு, எண்ணெய், மாவு, கேஸ் சிலிண்டர் எல்லாம் உள்ளே.

மாமா அந்தப் பலகை மேலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். அத்தனை பெரிய உடம்பு ஒரு பிடியாகச் சுருங்கியது போல இருந்தது. “கதவு எந்தப் பக்கம் திறக்கும்னு பார்க்கத் தோணலையே எனக்கு” என்றார்.

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வலி வந்ததிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. “நின்னு சமைக்கலாம், ஆனா சமைக்கச் சாமான் எடுக்க முடியாது! சின்னவளே, இதை எங்கேயாவது பார்த்திருக்கியா?” என்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்து ஓய்ந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இடது கையை அவர் முதுகில் வைத்தாள். “கதவைத்தான் அறுத்துடலாமே. பலகையை அறுத்த மனுஷனுக்குக் கதவு பெரிசா?”

நாலு கதவையும் கழற்றி மொட்டைமாடிக்கு எடுத்துப் போய், அடிப்பக்கம் ஐந்தங்குலம் அறுத்தார். முதல் கதவை மட்டும் தலைகீழாகப் பிடித்து மேல்பக்கம் அறுத்துவிட்டார். அந்தக் கதவின் கீல் இன்றைக்கும் மற்றதைவிடக் கொஞ்சம் ஏறித்தான் இருக்கிறது. சிலிண்டருக்கு முன்னால் இருக்கும் துண்டைத் தனியாக இழுத்து எடுக்கும்படி பிரித்தார். மேலே வழுக்காத ரப்பர் விரிப்பை ஒட்டினார். எல்லாம் முடித்து அவரே ஒரு தரம் ஏறி நின்று பார்க்கலாம் என்று ஏறினார், மேல் பரணில் ‘டங்’ என்று இடித்துக்கொண்டார். அடுத்த நாள் பரண் விளிம்பில் பஞ்சு ஒட்டியாகிவிட்டது.

அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. முகம் பார்க்கும் கண்ணாடி இறங்கியது. துணிக்கொடி இறங்கியது. கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் இறங்கியது. இப்போது அவர் தலைவாரக் கண்ணாடி முன் குனிய வேண்டும். “எனக்கு முதுகு நல்லாத்தான் இருக்கு. குனிஞ்சா ஒண்ணும் குறைஞ்சு போயிட மாட்டேன்” என்கிறார்.

மூன்று மாதத்தில், டாக்டர் சொன்ன பயிற்சியும் சேர்ந்து, அக்காவின் கை தலைக்கு மேலே போனது. அன்றைக்கு அவளே கிளம்பினாள், அளவம்மாவைப் பார்க்க வேண்டும் என்று. மூவரும் போனோம்.

“நீங்கதானா அந்த அம்மா?” என்று கேட்டபடி அளவம்மா கல்லாவை விட்டு வெளியே வந்தார். வந்தவர் திடீரென்று குட்டையாகிவிட்டார்! எட்டிப் பார்த்தால், கல்லாவுக்குப் பின்னால் நீளமாக ஒரு பலகை. இரண்டு பேரும் தோளோடு தோள் நின்றார்கள். அக்காதான் அரை அங்குலம் உயரம்.

“அதான் அன்னைக்கு அவர் சொன்னதும் மனசு கேக்கலை” என்றார் அந்த அம்மா. “எனக்கு இதைப் போட்டுக்கணும்னு தோணவே பதினஞ்சு வருஷம் ஆச்சு.”

அக்கா அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமா ஆணிப் பெட்டிகளை மும்முரமாகப் பார்ப்பது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

போன வாரம் காலையில் அக்காவிடமிருந்து போன்.

“சின்னவளே, உனக்கு ஒண்ணு தெரியுமா? இப்ப அடுப்பு மேல இருக்கற ஜன்னல்ல எனக்குத் தெரு தெரியுது. இத்தனை வருஷமா வானம் மட்டும்தான் தெரிஞ்சுது. எதிர்வீட்டுக்காரி தொட்டிக்குத் தண்ணி ஊத்தறா. பால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கிட்டுப் போறார். ஏழே முக்காலுக்கு உங்க மாமா பஸ் முனையில திரும்பறதுகூடத் தெரியுதுடி.”

“மாமாகிட்ட சொன்னியாக்கா?”

“ஐயோ, சொல்லிடாதே. ஜன்னலையும் இறக்கறேன்னு கிளம்பிடுவார்.”