கொழுந்து மாடியில் ஆறு டசின் லில்லி

1956 மார்ச் 14, புதன்கிழமை. ஐந்தே முக்காலுக்குப் பெரட்டு, ஆட்களுக்கு அன்றைய வேலை பிரிக்கும் கூட்டம். அது முடிந்து வரும்போது, ஆறு ஐந்துக்கு, பங்களாவின் பூந்தோட்டக்காரர் லில்லி வெட்டிக்கொண்டிருந்தார். தண்டைச் சாய்த்து வெட்டி, பூவின் கழுத்துவரை வாளித் தண்ணீரில் நிறுத்தினார். ஆறரைக்குத் தேயிலைத் தோட்டத்தின் கிளாக்கரான நான் ஆபீஸ் திறந்தேன். ஏழு மணிக்கு மழைமானியைப் பார்த்து, மழை இல்லை என்று எழுதினேன்.

ஏழரைக்குத் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை வந்தார். கொழும்பில் கம்பெனிப் பெரியவரின் மகளுக்குக் கல்யாணம். ஹட்டனில் இரவு ரயிலேற்ற வேண்டிய ஆறு டசின் வெள்ளை லில்லி கெட்டால், பூந்தோட்டக்காரர் மறுநாளே மலைச் சரிவில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போக வேண்டும் என்றார். முழங்கால் வீங்கிச் சரிவில் ஏற முடியாததால்தான் அந்த மனிதர் பூந்தோட்டத்துக்கே வந்திருந்தார்.

"சாயங்காலம் வரைக்கும் ஓடை ஓரமா நெழல்ல வச்சிருந்து, ஈரப் பேப்பர் சுத்தி, கூடையில அடுக்கிருவேங்க" என்றார் அவர்.

துரைக்குக் கூடை பிடிக்கவில்லை. பெட்டி கட்டுவதில் நிபுணர் என்று, தேயிலை ஃபேக்டரியைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கரைக் கூப்பிட்டு, பூவை ஒப்படைத்துவிட்டுப் போனார்.

"லண்டன் வரைக்கும் என் தேயில கெடாம போகுது. ஈரந்தான்யா எதிரி. வாளியத் தூக்கிக் கொட்டு" என்றார் டீமேக்கர்.

"ஐயா, அது தேயிலைங்க. இது பூவுங்க."

"பச்சையா வர்றதெல்லாம் எனக்கு ஒண்ணுதான்."

அவருக்குத் தெரிந்த மிகப் பத்திரமான இடத்தில் பூவைப் பரப்பினார்: கொழுந்து வாட்டும் மாடியில். பச்சிலையின் ஈரத்தை வெளியேற்றவென்றே வெள்ளைக்காரன் விசிறி வைத்துக் கட்டிய இடம் அது. ஈயத்தாள் ஒட்டிய தேயிலைப் பெட்டியும் தயாராக நின்றது. நான் முகவரிச் சீட்டை இரண்டு பிரதி, பெரிய எழுத்தில் எழுதினேன்.

நாலு மணிக்கு மாடி ஏறினோம். விசிறிகள் தம் கடமையைச் செய்திருந்தன. டீமேக்கர் பழக்கதோஷத்தில் ஒரு லில்லியை உள்ளங்கையில் கசக்கி, மூக்கருகே கொண்டுபோனார்.

"வாட்டம் சரியா வந்திருக்கு."

பின்னால் துரை நின்றார். அவரைக் கண்டதும் டீமேக்கரின் குரல் மாறியது. "வெட்டுனது சரியில்லைங்க தொரை. வெயிலேறின பெறகு வெட்டியிருக்கான்."

துரை என் பக்கம் திரும்பினார். "கிளாக்கர், எப்ப வெட்டினான்?"

பூந்தோட்டக்காரர் என்னைப் பார்த்தார். காலையில் அவரை நான் கடந்து போனது அவருக்குத் தெரியும். மழை பெய்யாததைக்கூட நேரம் போட்டு எழுதிவைக்கும் நான், "கவனிக்கலைங்க தொரை" என்றேன்.

கல்யாணத்துக்கு ஒரு பெட்டி முதல்தரத் தேயிலை போயிற்று.

மறுநாள் பெரட்டில் முதல் வேலையாக, கவ்வாத்துக்காரர் பட்டியலின் அடியில் பூந்தோட்டக்காரரின் பெயரை எழுதினேன். கையெழுத்து வழக்கம்போல் சுத்தமாக வந்தது.